ஆட்டோ ஆயில்

1985-ஆம் ஆண்டு அக்டோபர் 17-ஆம் தேதி, வியாழக்கிழமை, காலை ஐந்து மணி இருபது நிமிடம். விழுப்புரத்தில் மழை இல்லை. வானம் முழுக்க மேகம் மூடியிருந்தது. முந்திய இரவு தூறிய ஈரம் தெருவில் அப்படியே இருந்தது, காற்று என்பது பெயருக்குக்கூட இல்லை. நான் காரின் பின்கதவைத் திறந்து, ஸீட்டின்மேல் விரித்திருந்த இரண்டு மெத்தைகளையும் மூன்றாவது முறையாக அழுத்திப் பார்த்தேன்.

"மெத்த எங்கயும் போய்டாதுங்க. ஏறுங்க," என்றாள் என் மனைவி. அவள் கையில் ஒரு பித்தளைச் சொம்பு. என் சட்டைப்பையில் கடலை அளவுக்கு ஓர் எஃகுக் குண்டு. இரண்டும் எதற்கு என்று சொல்கிறேன்.

எங்கள் மகளை அழைத்துவரப் போய்க்கொண்டிருந்தோம். அவளைத் திண்டிவனத்துக்கு அப்பால் பிரம்மதேசத்தில் கொடுத்திருந்தோம். சொந்த நிலத்தில் பயிர் வைக்கிற குடும்பம். அவளுக்கு அப்போது எட்டு மாதம். அதற்கு முந்திய வருஷம் ஐந்தாம் மாதத்தில் ஒன்று கலைந்துபோயிருந்தது. பஸ்ஸில் வந்து இறங்கிய அன்று இரவே வலி கண்டது. பஸ்தான் காரணமா என்று கேட்டதற்கு எங்கள் ஊர் லேடி டாக்டர், "அப்படின்னு சொல்ல முடியாது, அப்படி இல்லன்னும் சொல்ல முடியாது" என்றார். அந்தப் பதிலை வைத்துக்கொண்டு நான் ஒரு வருஷம் தூங்கவில்லை. இந்த முறை அவர் தெளிவாகச் சொல்லிவிட்டார்: கடைசி மாதத்துக்கு முன்னால் இங்கே வந்துவிட வேண்டும், படுத்தபடி வர வேண்டும், குலுங்கக் கூடாது.

குலுங்கக் கூடாது என்றால் எவ்வளவு குலுங்கலாம் என்று நான் கேட்டேன். நில அளவை அலுவலகத்தில் படம் வரைகிற வேலையில் இருந்தவன் நான். எதற்கும் ஓர் அளவு தெரிந்தால்தான் எனக்கு நிம்மதி. டாக்டர் என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார்.

படுத்தபடி வரக்கூடிய வண்டி எங்கள் தெருவில் ஒன்றே ஒன்று இருந்தது. என் மனைவியின் அண்ணனுடையது. அவர் புதுச்சேரிக்காரர், பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர், அங்கே சொல்தா என்பார்கள். கப்பலில் கொண்டுவந்த பெரிய கார், ஸ்டியரிங் இடதுபக்கம். முதுகுவலி வைத்தியத்துக்காக மறுபடி பிரான்ஸுக்குப் போனபோது சாவியை என்னிடம் கொடுத்துவிட்டார்.

"சும்மா நின்னா கெட்டுப்போய்டும் மாப்ள. வாரத்துக்கு ஒரு வாட்டி ஓட்டுங்க. கிளட்ச்சே கிடையாது, குழந்தகூட ஓட்டும்."

குழந்தை ஓட்டலாம். எனக்குப் பழகப் பல நாள் ஆனது. கீழே பெடல் இரண்டுதான். கியரை வண்டியே மாற்றிக்கொள்ளும். கம்பியை எழுத்துக்கு நேராகத் தள்ளி வைத்தால் போதும்: P, R, N, D, அப்புறம் 2, 1. மச்சான் எனக்கு ஒரே ஒரு விதியை மந்திரம் மாதிரி ஏற்றிவிட்டார். "எது நடந்தாலும் நிறுத்தி P-ல போட்டுடுங்க. P-ல போட்டா வண்டி அசையாது." தெருப் பையன்கள் குனிந்து பார்த்துவிட்டு அதற்கு நொண்டிக் கார் என்று பேர் வைத்தார்கள். "சார், ஒரு காலு கம்மியா கீதே, வித்துட்டீங்களா?"

அந்தக் காரின் ஓட்டம் தண்ணீரில் மிதக்கிற மாதிரி இருக்கும். அதுதான் எனக்கு ஆறுதல். ஆனால் ஆகஸ்ட் மாதத்தில் அது வழுக்க ஆரம்பித்தது. இரண்டிலிருந்து மூன்றுக்கு மாறுகிற இடத்தில் இன்ஜின் மட்டும் உயர்ந்து கத்தும், வண்டி முன்னால் போகாது, கொஞ்சம் கழித்துத்தான் பிடிக்கும். மகளோடு நடு வழியில் நின்றுவிட்டால்?

மச்சானுக்கு எழுதினேன். அவர் ஊருக்கு வருகிற இன்னொரு பென்ஷன்காரரிடம் ஒரு சின்னப் பொட்டலம் கொடுத்தனுப்பினார். உள்ளே நாலைந்து ஸ்பிரிங், ஓட்டை போட்ட ஒரு தகடு, ஒரு கேஸ்கெட், படத்தோடு பிரெஞ்சில் அச்சடித்த ஒரு தாள். கூடவே அவர் கையெழுத்தில் இரண்டு வரி. பழைய ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு இதைப் போட்டால் கியர் தயங்காமல் மாறும். அப்படியே ஆட்டோமேட்டிக் கியர் ஆயிலையும் மாற்றிவிடுங்கள்.

ரயில்வே ஜங்ஷன் பக்கம் லாரி மெக்கானிக் ஒருவர் இருந்தார். முன்பு புதுச்சேரியில் இந்த மாதிரி வண்டி ஒன்றைப் பிரித்திருப்பதாகச் சொன்னார். பிரித்ததாகத்தான் சொன்னார், பூட்டியதாகச் சொல்லவில்லை என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது. ஆயில் வாங்க இருவருமாகக் கடைக்குப் போனோம். அந்தக் கடை வாசலில் நடந்த பேச்சு எனக்கு இன்றைக்கும் எழுத்துக்கு எழுத்து ஞாபகம் இருக்கிறது.

"கியர் ஆயில் குடுங்க," என்றேன்.

"எதுக்கு? லாரிக்கா?"

"லாரிக்கு இல்லீங்க. ஆட்டோ."

"ஆட்டோவுக்கா?"

"ஆமாங்க, ஆட்டோதான். ஆட்டோ கியருக்கு."

"எத்தினி லிட்டரு?"

"நாலரை."

கடைக்காரர் நின்று எங்களைப் பார்த்தார். "நாலரையா? எத்தினி ஆட்டோ வச்சிக்கினு கீறீங்க?"

"ஒண்ணுதாங்க. பெரிசு."

அவர் பீப்பாயிலிருந்து அளந்து ஊற்றினார். வெளியில் ஸ்டாண்டில் மூன்று சக்கர ஆட்டோக்கள் நின்றுகொண்டிருந்தன. பெட்ரோலில் கலக்க ஆட்டோக்காரர்கள் தினமும் வாங்கிப்போகிற ஆயில்தான் அது. விழுப்புரத்தில் ஆட்டோ ஆயில் என்றால் அந்தக் கடைக்காரருக்கு வேறு எதுவும் தோன்ற நியாயம் இல்லை. எங்களுக்கோ ஆட்டோ என்றால் ஆட்டோமேட்டிக். காரிலிருந்து வடிந்த பழைய ஆயில் கருகித் தார் மாதிரி இருந்ததால், புதியது எந்த நிறத்தில் இருக்க வேண்டும் என்று ஒப்பிட்டுப் பார்க்கவும் வழி இல்லை.

மெக்கானிக் இரண்டு நாள் காருக்கு அடியில் படுத்துக் கிடந்தார். நான் தினத்தாளை விரித்து, அவர் கழற்றிக் கொடுத்த ஒவ்வொரு ஸ்க்ரூவையும் வரிசையாக வைத்துப் பக்கத்தில் எண் எழுதினேன். எல்லாம் திரும்ப ஏறியது. கடைசியில் தாளின்மேல் ஒரே ஒரு குட்டி எஃகுக் குண்டு மீந்தது.

"இது எங்கேருந்து வந்துச்சு?"

"அது எக்ஸ்ட்ரா சார்."

"உள்ள இருந்ததுதானே?"

"இருந்துச்சு. படத்துல அந்த எடத்துல குறுக்கால கோடு போட்டு கீது. அப்படின்னா வாணாம்னுதான அர்த்தம்?"

படத்தைப் பார்த்தேன். கோடு இருந்தது. அது அடித்த கோடா, சுட்டிக்காட்டுகிற கோடா என்று பிரெஞ்சு தெரியாத எங்கள் இரண்டு பேருக்கும் தெரியவில்லை. நான் அந்தக் குண்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். எந்த நேரம் வண்டி நின்றாலும் காரணம் இதுதான் என்று மனசுக்குள் எழுதியும் வைத்துவிட்டேன்.

வண்டியை எடுத்தோம். வழுக்கல் இல்லை. ஆனால் ஒவ்வொரு கியருக்கும் பின்னாலிருந்து யாரோ எட்டி உதைத்த மாதிரி ஒரு வெட்டு.

"உதைக்குதே!"

"உதைக்கத்தான் சார் செய்யும். உதைச்சாத்தான் புடிச்சிக்கினு கீதுன்னு அர்த்தம். வழுக்குற வண்டி உதைக்காது, உதைக்கிற வண்டி வழுக்காது. உங்களுக்கு எது ஓணும்?"

எனக்கு இரண்டும் வேண்டாம். வழுக்கினால் நடு ரோட்டில் நிற்கும். உதைத்தால் மகள் வயிற்றில் விழும். வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தேன். என் மனைவி தண்ணீர்ச் சொம்பைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள். விளிம்பு வரை நிறைந்திருந்தது. அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது.

மறுநாள் விடிகாலையில் சொம்பைத் தளும்ப நிரப்பி, கொஞ்சம் மஞ்சள் கலந்து, ஒரு வெள்ளைத் துண்டின்மேல் பின் ஸீட்டில் வைத்தேன். விக்கிரவாண்டி வரை ஓட்டிப்போய்த் திரும்பினேன். துண்டு முழுக்க மஞ்சள். அடுத்த நாளும் போனேன், அதற்கடுத்த நாளும். கியர் மாறப்போகிற நேரத்தை இன்ஜின் சத்தத்தில் பிடித்து, அந்த நொடியில் காலைக் கொஞ்சம் தளர்த்தினால் உதை பாதியாகிறது என்று கண்டுகொண்டேன். ஒன்பதாம் நாள் கறை ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குக் குறைந்தது. என் மனைவி துண்டை விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இதுக்கு மேல குறையணும்னா தண்ணியில்லாமத்தான் போகணும்" என்றாள்.

இந்த ஒத்திகை எல்லாம் விடியற்காலைக் குளிர்ச்சியில், அரை மணி நேர ஓட்டத்தில் நடந்தது. நல்ல வெயிலில், இன்ஜின் கொதிக்கக் கொதிக்க ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

ஆகவேதான் அன்று காலை சொம்பும் குண்டும் எங்களோடு வந்தன. போகும்போது என் மனைவி வலதுபக்கம் முன்னால் உட்கார்ந்தாள். இடதுபக்க ஸ்டியரிங்கில் முன்னால் போகிற லாரியைத் தாண்டி எதுவும் தெரியாது. அவள்தான் என் கண். "வர்றான்... வர்றான்... போய்ட்டான். இப்ப போங்க. ஐயோ, வாணாம், இன்னொருத்தன்." கூட்டேரிப்பட்டு வரை இப்படியே. எதிரில் வந்த பஸ் ஒன்று எங்களை உரசுகிற தூரத்தில் போனது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். கண் மூடிய பிறகும் வாய் மட்டும் "வர்றான்" என்று சொல்லிக்கொண்டே இருந்தது.

பிரம்மதேசத்தில் சம்பந்தியம்மா வாசலிலேயே நின்றிருந்தார். மல்லாட்டை என்கிற நிலக்கடலை பிடுங்குகிற நேரம். மாப்பிள்ளை ஆட்களோடு கொல்லைக்காட்டில் இருந்தார், சாயங்காலம் பஸ்ஸில் வந்துவிடுவதாகச் சொல்லி அனுப்பியிருந்தார். அந்த அம்மா காரைச் சுற்றி ஒரு நடை நடந்தார்.

"ஏண்ணே, மாட்டு வண்டியில வைக்கோல் பரப்பி மெதுவா ஓட்டிக்கினு போனா ஆவாதா? இது என்னமோ ஆன மாதிரி கீது."

"உதைக்காதும்மா. பழகி வச்சிருக்கேன்," என்றேன்.

"உதைக்குமா?" என்றார் அவர். நான் வாயை மூடிக்கொண்டிருக்கலாம்.

மகள் சிரித்தாள். அவள் முகம் வெளுத்து, கால் வீங்கியிருந்தது. மெத்தையில் படுத்து, தலையை அம்மாவின் மடியில் வைத்துக்கொண்டாள். இனி முன்ஸீட்டில் எனக்குக் கண் கிடையாது. அதனால் எதையும் முந்துவதில்லை என்று தீர்மானித்து, கரும்பு ஏற்றிய ஒரு மாட்டு வண்டிக்குப் பின்னால் நெடுந்தூரம் நடையாகவே வந்தேன். மேகம் கலைந்து வெயில் ஏறிவிட்டது. காருக்குள் புதிதாக ஒரு வாசனை. புகை மாதிரி, ஆனால் இனிப்பாக. எங்கேயோ அன்றாடம் மோந்த வாசனை. எங்கே என்று பிடிபடவில்லை. கையைச் சட்டைப்பைக்குக் கொண்டுபோய்க் குண்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

திண்டிவனம் ஊருக்குள் பள்ளம் அதிகம் என்று சுற்றுப்பாதையில் திருப்பினேன். அந்தப் பாதையில் ஒரு லெவல் கிராஸிங். கேட் சாத்தியிருந்தது. D-யிலேயே வைத்துக்கொண்டு, பிரேக்கை மிதித்தபடி, மணி பன்னிரண்டேகாலுக்குக் கொளுத்துகிற வெயிலில் காத்திருந்தோம். கூட்ஸ் ஒன்று ஆடி அசைந்து போனது. கேட் ஏறியது. எதிர்ப்பக்கமிருந்து சைக்கிள்களும் ஒரு டிராக்டரும் வந்தன. தண்டவாளத்துக்கு ஏறுகிற மேட்டில் நானும் மெதுவாக ஏறினேன். முன் சக்கரங்கள் கேட் கம்பத்தைத் தாண்டின. அந்த இடத்தில் இன்ஜின் கத்தியது. சக்கரம் சுற்றவில்லை.

இன்னும் அழுத்தினேன். சத்தம்தான் கூடியது. பின்சக்கரம் லேசாகப் பின்னுக்கு நழுவுவது போல இருந்தது. பின்னால் எத்தனை வண்டி நிற்கிறது என்று தெரியாது. மந்திரம் நினைவுக்கு வந்தது. P-க்குத் தள்ளினேன். வண்டி சிலை மாதிரி நின்றது.

கேட்காரர் கொட்டகையிலிருந்து கையை ஆட்டிக்கொண்டு ஓடிவந்தார். "எடு சார், எடு! அடுத்த வண்டிக்குச் சொல்லிட்டாங்க. ஜல்தி!"

"எந்த வண்டி?"

"ரயிலு சார்! பின்ன கட்ட வண்டியா?"

தெற்கே, வளைவுக்கு அந்தப்புறம், நீளமாக ஓர் ஊதல் கேட்டது. அந்தச் சத்தம் என் தொண்டைக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருந்தது. எங்கள் காரின் மூக்குக்கும் முதல் தண்டவாளத்துக்கும் நடுவில் ஐந்தடிகூட இருக்காது. மகளை இறக்கலாம் என்றால் அந்த மேட்டுச் சரிவில் சல்லிக்கல் கொட்டிக் கிடந்தது. "அவள எறக்கட்டுமா? எறக்கட்டுமா?" என்று மனைவி கேட்டுக்கொண்டே இருந்தாள். நான் சல்லிக்கல்லையும் தண்டவாளத்தையும் மாறி மாறிப் பார்த்தேன்.

அதற்குள் ஆட்கள் கூடிவிட்டார்கள். முன்பக்கம் வந்து பானெட்டில் கை வைத்துப் பின்னுக்குத் தள்ளினார்கள். கார் மயிரிழைகூட நகரவில்லை.

"பிரேக்க உடு சார்!"

"உட்டுட்டேன்!"

"அப்ப ஏன் நவுரல? உள்ள இன்னா, கல்லு ஏத்திக்கினு போறீங்களா?"

"புள்ளத்தாச்சிடா, பாத்துப் பேசு," என்றது இன்னொரு குரல்.

மறுபடி ஊதல். இந்தத் தடவை இன்னும் நீளமாக. நான் சாவியைத் திருப்பினேன், விளக்கைப் போட்டேன், ஹாரனை அடித்தேன். எதைத் தொடுகிறேன் என்று தெரியாமல் எல்லாவற்றையும் தொட்டேன். அப்போது பின்னாலிருந்து மகளின் குரல் வந்தது. படுத்தபடி, கொஞ்சமும் பதறாமல்.

"அப்பா, P-ல கீதுப்பா."

"மாமா அப்படித்தானே போடச் சொன்னாரு!"

"P-ன்னா பூட்டுப்பா. N-ன்னா நடு. சின்ன வயசுல மாமா எனக்கு அப்படித்தான் சொல்லிக் குடுத்தாரு. பூட்டத் தொறந்தாத்தான தள்ளுவாங்க? நடுவுல போடுங்க."

பூட்டு. எனக்கு யாரும் அப்படிச் சொல்லித் தரவில்லை. பிரேக்கை அழுத்திக்கொண்டு கம்பியை N-க்கு இழுத்தேன். அவர்கள் தள்ளிய முதல் தள்ளிலேயே கார் பின்னுக்குச் சரிவில் இறங்கத் தொடங்கியது. இப்போது அதுவே பயமாகிவிட்டது. பாதத்தின் நுனியால் பிரேக்கைத் தடவித் தடவி, ஒரு சாண் ஒரு சாணாக இறக்கினேன். ஒரு புளியமரத்தடி வரை தள்ளிக்கொண்டுவந்து விட்டார்கள். கேட் இறங்கியது. கொஞ்ச நேரத்தில் பாசஞ்சர் ரயில் மெதுவாக வந்து, மெதுவாகவே போனது. ஜன்னல்தோறும் ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். சிலர் கையைக்கூட ஆட்டினார்கள்.

கேட்காரர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு வந்தார். என்னைப் பார்த்து அவருக்கே பாவமாகிவிட்டது.

"ஏன் சார் இப்பிடி நடுங்கறீங்க? நான் கேட்டு சாத்துனாத்தான் அவனுக்கு சிக்னலு வுழும். நீங்க சாயங்காலம் வரைக்கும் நின்னிருந்தாலும் அவன் அங்கயே நின்னு ஊதிக்கினேதான் இருப்பான். மேல கேள்வி வரும்னுதான் எனக்கு அவசரம்."

அதை அவர் முதலிலேயே சொல்லியிருக்கலாம் என்று நினைத்தேன். ஆனால் சொல்லியிருந்தாலும் என் காதில் ஏறியிருக்காது.

தள்ளியவர்களில் ஓர் ஆட்டோ டிரைவர் இருந்தார். காக்கிச் சட்டை, வாயில் வெற்றிலை. அவர் குனிந்து காருக்கு அடியில் சொட்டிக்கொண்டிருந்ததை விரலால் தொட்டு மோந்தார். ஒரு தடவை என்னைப் பார்த்தார். மறுபடி மோந்தார்.

"சார், உங்க வண்டிக்கும் என் வண்டிக்கும் ஒரே ரத்தம் போல கீதே."

"என்ன சொல்றீங்க?"

"இது நாங்க பெட்ரோல்ல கலக்கற ஆயிலு சார். கியர் பொட்டில யாரு ஊத்துனது?"

இனிப்பாக வந்த அந்த வாசனை, எங்கள் ஊர் ஆட்டோ ஸ்டாண்டு வாசனை. எனக்கு உடனே பிடிபட்டுவிட்டது. கடை வாசலில் நடந்த பேச்சைச் சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் அவர் மரத்தைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்துவிட்டார். "ஒண்ணுதாங்க, பெரிசு!" என்று ஒருவர் திருப்பிச் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். கேட்காரர்கூட. காருக்குள்ளிருந்து மகள் சிரிக்கிற சத்தம் வந்தது. அவள் வயிறு குலுங்குமே என்று எனக்கு அதுவும் பயமாக இருந்தது. நான் பயந்தபடியே அந்தச் சிரிப்பு பாதியில் நின்றது.

"அம்மா," என்றாள். "வயிறு கல்லு மாதிரி ஆவுதும்மா."

என் மனைவி அவள் வயிற்றில் கையை வைத்தபடி கண்ணை மூடிக்கொண்டாள். நான் காரின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எண்ண ஆரம்பித்தேன், என்ன எண்ணுகிறேன் என்று தெரியவில்லை. மூச்சையா, விநாடியையா. போன வருஷம் இரவு இதே மாதிரி ஒரு வார்த்தையில்தான் ஆரம்பித்தது. ஆட்டோ டிரைவர் வெற்றிலையை ஓரமாகத் துப்பிவிட்டு, "என் வண்டியில திண்டிவனம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்டட்டுமா சார்?" என்று தாழ்ந்த குரலில் கேட்டார். நான் அவருடைய மூன்று சக்கரங்களைப் பார்த்தேன்.

"இருங்க," என்றாள் மனைவி. அவள் கண்ணைத் திறக்கவில்லை. "இருங்க... எளகுது. எளகிடுச்சு. பொய் வலிதான்." கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கையை வைத்துப் பார்த்தாள். வயிறு மறுபடி கல்லாகவில்லை.

நான் புளியமரத்தின் வேரில் உட்கார்ந்துவிட்டேன்.

என்ன செய்வது என்று ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். லாரியில் கட்டி இழுக்கலாம் என்றார் ஒருவர். கடைசியில் மகள்தான் கேட்டாள். "இது எப்பப்பா உதைக்குது?"

"கியர் மாறும்போதும்மா."

"மாறலன்னா?"

நான் எழுந்துபோய் அந்த எழுத்துகளைப் பார்த்தேன். கடைசியில் 1 என்று இருந்தது. கம்பியை அங்கே வைத்தால் வண்டி முதல் கியரிலேயே இருக்கும், எங்கும் மாறாது. மாறாவிட்டால் உதை இல்லை. மெதுவாகப் போனால் சூடும் அவ்வளவு ஏறாது, ஆயில் நுரைக்காது என்றார் ஆட்டோ டிரைவர். "ரெண்டு மணி நேரம் ஆற உடுங்க சார். அப்புறம் பொணம் தூக்கற மாதிரி போங்க." சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். "தப்பா எடுத்துக்காதீங்க. சாமி தூக்கற மாதிரி."

தள்ளியவர்களை எண்ணிப் பார்த்தேன். பதினொரு பேர். பக்கத்துப் பெட்டிக்கடையில் ஆளுக்கொரு கோலி சோடா வாங்கிக் கொடுத்தேன். இரண்டரை மணிக்கு, கேட் திறந்திருக்கும்போது, முதல் கியரில் தண்டவாளத்தைத் தாண்டிக் கிளம்பினோம்.

அந்த முப்பத்தைந்து சொச்சம் கிலோமீட்டரை நான் என் வாழ்நாளின் மற்ற தூரங்களோடு சேர்ப்பதில்லை. சைக்கிள்கள் எங்களைத் தாண்டிப் போயின. ஒரு கல்யாண வேனிலிருந்து கூவினார்கள். நாலைந்து கிலோமீட்டருக்கு ஒரு தரம் நிழல் பார்த்து நிறுத்தி, பானெட்டைத் திறந்து, ஆற விட்டு, மறுபடி போனோம். நிற்கும்போதெல்லாம் பின்னால் திரும்பி, "எப்படிம்மா இருக்கு?" என்பேன். "நல்லா கீதுப்பா" என்பாள். பேரணிப் பக்கம் ஒரு முறை பதில் வரவில்லை. சட்டென்று திரும்பினேன். தூங்கிப்போயிருந்தாள். மனைவி உதட்டில் விரல் வைத்தாள். காலுக்கடியில் இருந்த சொம்பைச் சுட்டிக் காட்டினாள். பிரம்மதேசத்தில் குடிக்க என்று நிரப்பிய தண்ணீர், வைத்த அளவில் இருந்தது.

விக்கிரவாண்டி தாண்டி இருட்டத் தொடங்கியது. தூறலும் சேர்ந்துகொண்டது. இன்ஜின் கத்தல் கூடி, வேகம் ஆள் நடையாகக் குறைந்தது. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று அந்தக் காரிடம் நான் கெஞ்சியதை வெளியில் சொல்ல முடியாது. விழுப்புரத்துக்குள் நுழைந்து, லேடி டாக்டர் வீட்டு வாசல் திருப்பத்தில், கேட்டுக்குப் பத்தடி முன்னால் சக்கரம் நின்றது. அதற்கப்புறம் அது தானாக நகரவே இல்லை. மணி ஏழே கால். N-ல் போட்டேன். மனைவியும் டாக்டர் வீட்டுத் தோட்டக்காரரும் நானும் தள்ளினோம்.

டாக்டர் என்னைத் திட்டியதை எழுத வேண்டியதில்லை. மர ஊதல் மாதிரி ஒன்றை மகளின் வயிற்றில் வைத்துக் காதைக் கொடுத்தார். ஒரு கையில் கடிகாரம், குழந்தையின் துடிப்பை எண்ணினார். நான் திரைக்கு இந்தப் பக்கம் நின்றேன். மழை ஓட்டின்மேல் விழுகிற சத்தம் மட்டும்தான்.

"நூத்தி நாப்பது," என்றார் டாக்டர். "நல்லா இருக்கு. ஏன் அங்க நிக்கிறீங்க? உள்ள வாங்க."

அந்த எண் அதிகமா குறைவா என்று நான் கேட்கவில்லை. நல்லா இருக்கு என்று அவரே சொல்லிவிட்டாரே.

நவம்பர் கடைசியில், நாள் தவறாமல், பெண் குழந்தை பிறந்தது. அழுகைச் சத்தம் தெருவரைக்கும் கேட்டதாகச் சொன்னார்கள். எனக்குக் கேட்கவில்லை, நான் தெருமுனைக்கு நடந்துபோய்விட்டிருந்தேன்.

காரை லாரியில் ஏற்றிச் சென்னைக்கு அனுப்பினோம். அங்கே பெரிய பட்டறையில் கியர் பெட்டியைப் பிரித்தபோது உள்ளே இருந்த தட்டுகள் கருகியிருந்தன. அவர்கள் ஊற்றிய சரியான ஆயிலை அன்றுதான் பார்த்தேன். ரோஜாப்பூ நிறத்தில், நல்ல சிவப்பு. சட்டைப்பையிலிருந்த குண்டை எடுத்து நீட்டினேன். "இதை உள்ளே போட விட்டுப்போச்சு" என்றேன். பட்டறைக்காரர் பிரெஞ்சுத் தாளைப் புரட்டிவிட்டு, "இது போடக் கூடாதுங்க. அந்த ஸ்பிரிங் கிட் போட்டா இத எடுத்துடணும். உங்க மெக்கானிக் கரெக்டாத்தான் செஞ்சிருக்காரு" என்றார். இத்தனை நாள் நான் தொட்டுத் தொட்டுப் பயந்தது ஒன்றுமில்லாத ஒன்றுக்கு. விஷயம் இருந்ததோ நான் நின்று பார்த்துக் காசு கொடுத்து வாங்கிய ஆயிலில்.

மச்சான் அடுத்த வருஷம் திரும்பி வந்தார். பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டார். மகள் கேட் கதையைச் சொல்லும்போது P-ன்னா பூட்டு என்ற இடத்தில் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. என் பக்கம் திரும்பினார்.

"உங்களுக்கு மட்டும் ஏன் மாப்ள அத நான் சொல்லல?"

"நான் படிச்சவன்னு நினைச்சிட்டீங்க," என்றேன்.

செலவைக் கொடுக்கிறேன் என்றார். நான் வாங்கவில்லை. ஆனால் கணக்கைச் சொன்னேன். லாரி வாடகை, பட்டறைக் கூலி, தட்டுகள், சிவப்பு ஆயில், அதற்கு முன்னால் வாங்கிய அந்த நாலரை லிட்டர், ஜங்ஷன் மெக்கானிக்குக்குக் கொடுத்தது, பதினொரு கோலி சோடாவின் ஐந்தரை ரூபாய், எல்லாம் சேர்த்து மூவாயிரத்து எண்ணூற்று அறுபத்து நான்கு ரூபாய் ஐம்பது பைசா.